பழவேற்காட்டு நண்டு வண்டியும் கருகிக்கொண்டே இருந்த ஹீட்டர் பிளக்கும்

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போவது எப்படி என்று இணையத்தில் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. எங்கே நின்றால் படம் நன்றாக விழும், எந்தக் கடையில் இறால் வறுவல் ருசி, டச்சுக்காரர் கல்லறையில் எந்த வளைவுக்குக் கீழே நின்று போஸ் கொடுக்கலாம், எல்லாம் கிடைக்கும். அந்த ஏரியில் இறங்கி வேலை செய்கிறவர்கள் மட்டும் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிவார்கள். நானும் முதல் தடவை பறவை பார்க்கத்தான் போனேன். மூன்றாவது தடவை ஒரு பறவையைக்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. போனது ஒரு பழைய டீசல் வண்டிக்காக.

முதல் பயணம் மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மாதவரத்தில் ஒரு லாரி சர்வீஸ் கூடத்தில் வேலை. ஆறு நாளும் டீசல் புகை, ஏழாவது நாள் எங்காவது ஓடிவிடுவேன். சனிக்கிழமை மாலையே கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி (டிக்கெட் பத்து ரூபாய்), தோழி வீட்டில் தூங்கி, விடியும் முன் முதல் பஸ்ஸில் பழவேற்காடு போனேன். பொன்னேரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். சாதாரண டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கிருந்து ஏரிக்கரையை ஒட்டி நாலு கிலோமீட்டர் நடந்தேன்.

பறவை தெரிவதற்கு முன் வண்டிதான் தெரிந்தது. ஒரு சின்ன டீசல் சரக்கு வண்டி. ஈரச் சேலையோடு நாலு பெண்கள் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையிலும் ஒரு பெண். சாவியைத் திருப்பும்போதெல்லாம் எஞ்சின் சுற்றியது, சைலன்சர் வெள்ளைப் புகையாகக் கக்கியது, பற்றவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். வேலைக்கு லீவு விட்டாலும் மூளை லீவு விடுவதில்லை.

“இன்னாம்மா வேடிக்கை பாக்குற? ஒரு கை குடு!” என்று தள்ளியவர்களில் வயதான அம்மா கத்தினார். கொடுத்தேன். ஐம்பது மீட்டர் தள்ளியதில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் ஈரக் கோணி போர்த்திய கூடைகளில் சேற்று நண்டுகள் கிர்ர் கிர்ரென்று உரசிக்கொண்டிருந்தன.

ஓட்டியவர் கன்னியம்மா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். கத்திய அம்மா தேசம்மா, கன்னியம்மாவுக்கு அத்தை முறை. ஏரிக்கரையில் பல தலைமுறையாக இருக்கும் இருளர் குடும்பங்கள். படகும் வலையும் இல்லாமல் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். வலை போடும் ஊர்களுக்கு இந்த ஏரியில் ‘பாடு’ உண்டு. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. கையால் பிடிப்பவர்களுக்கு முறையும் இல்லை, அந்தக் கூட்டத்தில் உட்கார இடமும் இல்லை. வலைக்காரர் விட்ட இடத்தில் இறங்க வேண்டும், பிடித்ததைக் கரையில் நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குப் போட வேண்டும். எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் அவர் தராசு எடுக்க மாட்டார். உயிர் நண்டை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பீர்கள்?

அதை உடைக்கத்தான் ஏழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து அந்தப் பழைய வண்டியை வாங்கியிருந்தார்கள். சென்னையில் உயிர் நண்டு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒருவருடைய வேன், புதனும் சனியும் காலையில் மீஞ்சூருக்கு வரும். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் கரையில் கிடைப்பதைப்போல ஒன்றரை மடங்கு விலை. ஆனால் வேன் ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். இவர்கள் குடியிருப்பிலிருந்து மீஞ்சூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அந்தச் சாலையில், அந்த வண்டியில், ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நான் தள்ளிக் கொடுத்த ஞாயிறு, வேனுக்கு இல்லை, பொன்னேரிச் சந்தைக்கு. “புதங்கெழம இது மாரி மக்கர் பண்ணா என்னா ஆவும்னு நெனச்சிப் பாரு” என்றார் கன்னியம்மா.

வண்டி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பெட்ரோல் வண்டியில் பொறி தட்டி எரிபொருள் பற்றுகிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு, அதுவும் தேய்ந்த எஞ்சினுக்கு, அந்தச் சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டரிலும் விரல் நீளத்துக்கு ஒரு பிளக் இருக்கும். பேட்டரி மின்சாரத்தில் அதன் நுனி சிவக்கப் பழுத்து, உள்ளே சூடேற்றிக் கொடுக்கும். க்ளோ பிளக் என்று புத்தகத்தில் எழுதுவார்கள், பட்டறையில் ஹீட்டர் பிளக். இந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக்.

இரண்டு வாரம் கழித்து இரண்டு புதுப் பிளக்குகளோடு திரும்பிப் போனேன். பழைய இரண்டும் செத்திருந்தன. மீட்டர் வைத்தால் நல்ல பிளக் ஒரு ஓம் அளவுக்குக் காட்டும். இவை எதையும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. கூடவே, எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை உப்புக் காற்றில் பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. ஆகா, கண்டுபிடித்தேன் என்று அதையும் மாற்றினேன். பகல் ஒரு மணி வெயிலில் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. மூன்று மணி பஸ்ஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்த வெயிலில் பிளக்கே இல்லாமலும் அது கிளம்பியிருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

தை கடைசியில் கன்னியம்மாவிடமிருந்து போன் வந்தது.

“பொண்ணே, உன் வண்டி மறுபடியும் படுத்துகிச்சு.”

“என் வண்டியாக்கா?”

“நீதான ரிப்பேரு பண்ண? அப்ப உன் வண்டிதான்.”

சிரிப்பு அதோடு நின்றது. அந்த வாரம் புதன், அதற்கு முந்தைய சனி, இரண்டு தடவை வேனைத் தவறவிட்டிருந்தார்கள். சனிக்கிழமையும் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்குபவர் சொல்லிவிட்டார். தவறிய இரண்டு நாள் நண்டும் கரை வியாபாரியிடம்தான் போனது. அவர் வழக்கத்தைவிடக் குறைத்து எடுத்ததோடு, “வண்டி ஓட்டி கிழிச்சிட்டீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். பொன்னேரி மெக்கானிக் பாபு, நாலாவது தடவையாக, “உப்புக் காத்து, ஒன்னியும் பண்ண முடியாது, புது பிளக்கு போட்டுக்கோ” என்றிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மதியம் ஒன்றரைக்கு அங்கே இருந்தேன். பழவேற்காடு பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். ஆனால் ஆட்டோ குடியிருப்பு வரை வராது. தார் ரோடு பக்கத்து ஊர் வரை பளபளவென்று வருகிறது, இவர்கள் வீடுகளுக்கு இருநூறு மீட்டர் முன்னால் நின்றுவிடுகிறது. அந்த இருநூறு மீட்டருக்கு மட்டும் தார் தீர்ந்துபோய்விட்டதாம். அதே கரையில், அதே சேற்றில், வார இறுதிக்கு வருகிறவர்களுக்காகக் கட்டிய ஒரு விடுதியின் வாசல் வரை மட்டும் தார் தீரவே இல்லை.

இருக்கையைத் தூக்கினால் எஞ்சின். முதல் பிளக் சுலபமாகக் கழன்றது. இரண்டாவது அரைச் சுற்றுக்குமேல் திரும்ப மறுத்தது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிளக்கின் நுனி உடைந்து எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிடும். அப்புறம் எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டும். சனிக்கிழமை போயே போச்சு. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் திருப்பு, கொஞ்சம் பின்னால் விடு, மறுபடி ஸ்ப்ரே.

“இன்னாடி இது, பல்லு புடுங்குற டாக்டரு மாரி பயந்து பயந்து ஆட்டுற?” என்றார் தேசம்மா, தலைக்கு மேலே நின்றுகொண்டு.

“உடைஞ்சா நாளைக்கு வண்டி இல்ல அத்தை.”

“அப்ப ஆட்டு, ஆட்டு. நெதானமாவே ஆட்டு. நான் பேசல.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “வந்துச்சா?”

வந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நுனி, அணைந்த தீக்குச்சித் தலைபோல உப்பி, ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. “பழசெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களாக்கா?” என்றேன். “காசு குடுத்து வாங்கினத எப்புடி தூக்கிப் போடறது?” என்று கன்னியம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே இதுவரை செத்த பிளக்குகள். நான் போன தடவை கழற்றியவையும் இருந்தன. அன்றைக்கு மீட்டர் வைத்தேனே தவிர, நுனியைத் துடைத்துப் பார்க்கவில்லை. இப்போது துடைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே சாவு. எல்லாம் உப்பி, எல்லாம் உருகி.

உப்புக் காற்று வெளி இணைப்பைத்தான் அரிக்கும். உள்ளே இருக்கும் நுனியை உருக்காது. உருக்குவது அதிகச் சூடு. அதிகச் சூட்டுக்கு எனக்குத் தெரிந்து இந்த வண்டியில் இரண்டே வழி. மின்னழுத்தம் எகிற வேண்டும், அல்லது மின்சாரம் தேவைக்குமேல் நேரம் பாய வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பதினாலு வோல்ட்டைத் தாண்டவில்லை, சரியாக இருந்தது. அடுத்தது, பிளக்குக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே. உள்ளே ஒட்டிக்கொண்டு அணையாமல் இருக்கிறதோ என்று ஒரு பல்பை இணைத்துப் பார்த்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பொத்தான் இருந்தது, வீட்டு அழைப்பு மணிக்கு வைப்பார்களே அதே மாதிரி. அதை அழுத்தினால் பல்பு எரிந்தது, விட்டால் அணைந்தது. அதுவும் சரி.

“இந்தப் பொத்தான் கம்பெனி வெச்சதில்லையே?”

“பாபு அண்ணன் வெச்சது. முன்ன தானா லைட்டு எரிஞ்சி தானா அணையும். அந்த டப்பா போயிடுச்சு, புதுசு வெல ஜாஸ்தினு இத மாட்டி வுட்டாரு.”

அந்த டப்பாதான் டைமர். எத்தனை விநாடி சூடேற்ற வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். அது இல்லாத வண்டிகள் எங்கள் கூடத்துக்கும் வரும். பொத்தானை எட்டு, பத்து விநாடி பிடித்துவிட்டுக் கிளப்புவார்கள், ஒன்றும் ஆகாது. ஆகவே அதுவும் காரணமாகப் படவில்லை. புதுப் பிளக் இரண்டையும் மாட்டி, இணைப்பை உப்புத் தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து மூடினேன். வண்டி கிளம்பியது. ஏன் கருகுகிறது என்று மட்டும் தெரியவில்லை. போன தடவை மாதிரி பஸ் ஏற மனம் வரவில்லை. விடியற்காலையில் கூடவே இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

ராத்திரி அங்கேயே சாப்பாடு. நண்டுக் குழம்பை எதிர்பார்த்தீர்களானால் உங்களுக்கு இந்த ஊர் புரியவில்லை. நண்டு விற்பதற்கு. சாப்பிட்டது ரசமும் சுட்ட கருவாடும். ருசியாக இருந்தது, பசியும் இருந்தது.

காலை ஐந்தேகாலுக்குப் பனி ஏரியின் மேல் படிந்திருந்தது. கூடைகளை ஏற்றிவிட்டார்கள். நான் பிளக்குக்குப் போகும் கம்பியில் மீட்டரை மாட்டிக்கொண்டு, தூக்கிய பயணி இருக்கைக்குப் பக்கத்தில் நின்றேன். கன்னியம்மா ஏறி உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி, பொத்தானை அழுத்தினார்.

மீட்டர் பதினொன்று காட்டியது. நல்லது. பத்து விநாடி. இப்போது விடுவார். பதினைந்து. விடவில்லை. இருபத்தைந்து. பொத்தான் ஒட்டிக்கொண்டுவிட்டதா?

“அக்கா, சுவிட்சு மாட்டிகிச்சா?”

பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். கன்னியம்மா கன்னங்கள் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, கல்லாக உட்கார்ந்திருந்தார். விரல் மட்டும் பொத்தானில். மறு கையைத் தூக்கி ‘பொறு’ என்று சைகை காட்டினார்.

“அக்கா! விடுங்க!”

பொறு.

நான் கம்பியையே உருவிவிட்டேன். சட்டென்று ஒரு பொறி பறந்தது. அப்படியும் அவர் கண் திறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. ஏரியிலிருந்து தலை தூக்குகிறவர்போல ‘ஹா’ என்று மூச்சு விட்டு, சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

“இன்னா பொண்ணே கத்துற? மூச்சு கலஞ்சிடும் இல்ல?”

“எதுக்குக்கா மூச்சப் புடிச்சீங்க?”

“பாபு அண்ணன்தான் சொன்னாரு. பொத்தான அமுக்கினு ஒரு மூச்சு புடி, அப்பால சாவிய திருப்புனு. நானும் ஒரு நாளு தவறாம அப்புடியே பண்ணிகினு வரேன்.”

மார்பளவுத் தண்ணீரில், பனையோலையில் முடைந்த பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையை முக்கி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்ணிடம் போய் ‘ஒரு மூச்சு’ என்று சொல்லியிருக்கிறார் பாபு. அவர் மனதில் இருந்தது ஒரு பீடி மூச்சு. கன்னியம்மா பிடித்தது ஏரி மூச்சு. இன்று நான் கத்தி, அவர் கை தூக்கி, அத்தனை கலவரத்திலும் நிமிடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. பத்து விநாடிக்குச் செய்த பிளக்கை வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு நிமிடம் வறுத்தால், அது இரண்டு மூன்று வாரம் தாங்கியதே பெரிய விஷயம்.

ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினோம். முன்னால் மூன்று பேர், நடுவில் நான். எப்படிச் சொல்வது என்று பொன்னேரி வரும் வரை யோசித்தேன். எனக்குப் பயம் வேறு. ‘ஓட்டத் தெரியாதவங்க கையில வண்டி’ என்று கரை வியாபாரி முதல் பாபு வரை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்தால் பழவேற்காடு முழுக்க ஒரு ஜோக் சுற்றும். சொன்னதைச் சொன்னபடி செய்தவர் முட்டாளாவார். நாலு தடவை புதுப் பிளக் போடச் சொல்லியும், ஒரு தடவைகூட ‘நீ எப்படி வண்டி எடுக்கிறாய், காட்டு’ என்று கேட்காதவர் அறிவாளியாகவே இருப்பார். எனக்கும் அந்தக் கேள்வி இரண்டாவது பயணத்தில் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கன்னியம்மா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். தேசம்மா முதலில் சிரித்தார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். கன்னியம்மா சிரிக்கவில்லை.

“அப்ப இத்தினி பிளக்கும் நான்தான் எரிச்சேனா?”

“அவரு சொன்னத நீங்க செஞ்சீங்க. அளவு சொன்ன ஆளு யாருக்குச் சொல்றோம்னு பாக்கல.”

கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். பிறகு, “மீஞ்சூர முடிச்சிட்டு, வரப்ப பட்டறைக்குப் போலாம்” என்றார். குரலில் என்னவோ இருந்தது.

மீஞ்சூருக்குள் நுழையும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சென்னை ரயில் போய் முடியும் வரை தேசம்மா எல்லாக் கடவுளையும் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார். ஆறு ஐம்பத்தைந்துக்கு வேன் பக்கத்தில் நிறுத்தினோம். வேன்காரர் கோணியை விலக்கி ஒவ்வொரு நண்டாகக் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் உயிரோடு இருந்தன. கொடுக்கு உடைந்த ஒன்றை மட்டும் ஒதுக்கினார். “புதங்கெழம வருவீங்களா, இல்ல வண்டி மறுபடியும் படுத்துக்குமா?” என்றார். “வருவோம்” என்றார் கன்னியம்மா. அந்த ஒரு சொல்லுக்கு நான்தான் பொறுப்பு.

பாபுவின் பட்டறை பொன்னேரியில் பஸ் போகும் சாலையிலேயே இருக்கிறது. ஐம்பது வயது, வாயில் பீடி. வண்டியைப் பார்த்ததும், “மறுபடியும் பிளக்கா?” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார், கன்னியம்மாவைப் பார்த்து இல்லை. “நான் ஒரு மூச்சுனு கரெக்டாதாம்மா சொன்னேன். இவங்களுக்கு வண்டி பழக்கமில்ல, அதான் பேஜாரு.”

“பாபுண்ணே” என்றார் கன்னியம்மா. “உன் மூச்சு எவ்ளோ? புடி பாக்கலாம்.”

“இன்னாது?”

“நீயும் புடி, நானும் புடிக்கிறேன். யாரு மூச்சு கரெக்டுனு பாப்போம்.”

பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பின்வாங்க வழியில்லாமல் பாபு பீடியை வீசிவிட்டு மூச்சைப் பிடித்தார். நான் போனில் ஓடவிட்டேன். இருபதில் முகம் சிவந்தது. இருபத்தாறில் இருமல் வெடித்து, கண்ணில் தண்ணீர் வந்தது. கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் தாண்டியது. “போதும்மே, செத்துகித்து போவப்போறே!” என்று டீக்கடைக்காரர் பதறினார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, கன்னியம்மா அலுங்காமல் மூச்சு விட்டார். யாரோ விசில் அடித்தார்கள். முதலில் சிரித்தது பாபுதான். இருமிக்கொண்டே சிரித்தார்.

“யம்மா தாயே. உன் மூச்சுக்கு லாரி எஞ்சினே தாங்காது. இந்தக் குட்டி பிளக்கு இன்னா பண்ணும்?” பிறகு, முதல் தடவையாகக் கன்னியம்மாவைப் பார்த்து, “தப்பு என்னுதுதாம்மா. விநாடி கணக்குல சொல்லியிருக்கணும். டைமர எடுத்தவனும் நான்தான். சென்னைக்கு சொல்லி வுடறேன். வர்றதுக்கு ஒரு வாரம் ஆவும். சாமானுக்கு மட்டும் குடு, கூலி வேணாம்” என்றார்.

ஒரு வாரம். நடுவில் புதன்கிழமை இருந்தது.

“பத்து எண்ணுங்க, விடுங்க” என்றேன். தேசம்மா அதை அங்கேயே உடைத்தார். “அவசரத்துல ஒரு நாளு ஓட்டமா எண்ணுவா, தூக்கத்துல ஒரு நாளு இழுத்து எண்ணுவா. அது வேலைக்காவாது. அந்த ஒடஞ்ச நண்ட எடு.” வேன்காரர் ஒதுக்கிய நண்டின் கொடுக்கைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்துக் கீழே விட்டார். “பாபு, உன் போன வெச்சி பாரு” என்று சொல்லிவிட்டு, கால் விரலால் அதன் முதுகு ஓட்டை அழுத்தி, மிச்சமிருந்த ஒரு கொடுக்கை மடக்கி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். எட்டு விநாடி. “ரெண்டு கொடுக்குன்னா?” என்றார் பாபு. “ரெண்டுனா இன்னொரு சுத்து, அவ்ளோதான்.” மறுபடி அவிழ்த்து, இல்லாத கொடுக்குக்கும் சேர்த்து இன்னொரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பத்து. மறுபடியும் செய்யச் சொன்னார் பாபு. பத்து. மூன்றாவது தடவை பதினொன்று. நாற்பது வருடமாக நண்டு கட்டும் கை, தூக்கத்திலும் அந்த வேகத்தில்தான் போகும்.

அப்படித்தான் முடிவானது. கடைசி நண்டை மட்டும் கட்டாமல் வைப்பது. கன்னியம்மா பொத்தானை அழுத்தும்போது தேசம்மா பின்னால் அதைக் கட்ட ஆரம்பிப்பது. முடிச்சு விழுந்ததும் குரல் கொடுப்பது.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு எனக்குப் போன் வந்தது. ‘கட்டியாச்சு!’ என்ற கத்தலும், உடனே எஞ்சின் சத்தமும்தான் கேட்டன. நான் திரும்பத் தூங்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. பூநாரைக்கு மார்கழி, தை, மாசி நல்ல மாதங்கள். சனி இரவே பொன்னேரி போய்விட்டால் முதல் பஸ் கிடைக்கும். இல்லாவிட்டால் வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள். குடியிருப்பின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஈரச் சேலையோடு வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்கிறவர்களுக்கு வழிகாட்ட எனக்கு விருப்பமில்லை. நண்டோ இறாலோ வாங்குவதானால், கரையில் தராசோடு நாற்காலி போட்டிருப்பவரைத் தாண்டி நாலு எட்டு நடந்து, பிடித்தவரிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், நகரத்துக் கடையில் பேசுகிறீர்களா என்ன?

பழைய டீசல் வண்டியில் வருகிறவர்களுக்கு: காலையில் வெள்ளைப் புகையோடு சுற்றியும் பற்றவில்லை என்றால் முதலில் ஹீட்டர் பிளக்கை மீட்டர் வைத்துப் பாருங்கள். புதிதாகப் போட்டதும் திரும்பத் திரும்பச் செத்தால், அடுத்த பிளக்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் செத்ததின் நுனியைத் துடைத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் ரிலே, டைமர், மின்னழுத்தம் என்று வரிசையாகப் போங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு விடியற்காலை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நான் எடுத்த பாடம் அதுதான். வண்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, அதை ஓட்டுகிறவரைப் பார்க்கும் பழக்கம் இல்லை. அந்த ஓட்டுநர் ஏழையாக, பெண்ணாக, ஊருக்கு வெளியே தார் முடிகிற இடத்தில் இருப்பவராக இருந்தால் பார்ப்பதே இல்லை.

தார் இன்னும் போடவில்லை. கரை வியாபாரி இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இப்போது வேறு இரண்டு குடியிருப்புகளிலிருந்தும் புதனும் சனியும் கூடைகள் இந்த வண்டிக்கு வருகின்றன. சொன்னபடி டைமர் வந்து, பாபுவே குடியிருப்பு வரை வந்து மாட்டிவிட்டுப் போனார். இப்போது விளக்கு தானாக எரிந்து தானாக அணைகிறது.

“அப்ப நண்டு கட்டுற வேல இல்ல அத்தைக்கு?” என்று போனவாரம் கன்னியம்மாவிடம் போனில் கேட்டேன்.

போனைப் பிடுங்கித் தேசம்மாவே பேசினார். “ஏன் இல்ல? இன்னிக்கும் கடசி நண்ட நான்தான் கட்டுறேன். பாபு வெச்ச மிஷினு கரெக்டா இருக்குதானு யாராச்சும் பாக்க வேணாமா?”